முறைத் தண்ணீர்

அந்த அணையைக் கட்டியது நான். பிள்ளைகள் கட்டினார்கள் என்றுதான் மூன்று வருசமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ரொறன்ரோவில் பிறந்தநாள், சாமத்தியவீடு என்று நாலு பேர் கூடுகிற இடத்தில் அதை ஒரு பகிடியாக எடுத்துவிடுவேன். "ஊருக்குக் கூட்டிக்கொண்டு போனால் மூண்டும் சேர்ந்து வாய்க்காலை மறிச்சுப்போட்டுதுகள், ஒரு கிழவர் மண்வெட்டியோட வந்திட்டார்" என்று தொடங்கினால் போதும், சிரிப்புக்குக் குறைவிராது. அந்தக் கதையில் நான் கரையில் நிற்கிற ஆள். உண்மையில் முழங்கால் தண்ணீரில் நின்றேன். நடுவில் கிடந்த பெரிய கல்லை உருட்டிக்கொண்டு வந்ததும் நான்தான்.

அக்காவின் வீடு வட்டக்கச்சியில். கிளிநொச்சிப் பட்டினத்திலிருந்து பன்னங்கண்டிப் பாலத்தால் கனகராயன் ஆற்றைக் கடந்தால் வந்துவிடும். 1950களில் இரணைமடுக் குளத்தின் கீழ்க் குடியேற்றத் திட்டத்தில் யாழ்ப்பாணத்துச் சனத்துக்குக் காணி கொடுத்தபோது எங்கள் தாத்தாவுக்கும் கிடைத்தது: ஒரு துண்டு வயல், வீடு கட்டி மரம் வைக்க ஒரு துண்டு மேட்டுக்காணி. நான் பிறந்தது அந்த மேட்டுக்காணியில்தான். பத்தொன்பது வயதில் வெளிக்கிட்டுப் போனேன். அக்கா நின்றாள். 1996 இடப்பெயர்வு, திரும்பி வருதல், 2009 தை மாதத்தில் மறுபடி சாமான் கட்டுதல், செட்டிகுளம் முகாம், 2010இல் கூரையில்லாத வீட்டுக்குத் திரும்புதல் எல்லாம் அவளுக்கு. அத்தான் 2009 வைகாசியோடு இல்லை. அதை எழுத எனக்கு உரிமை இருக்கிறதாக நான் நினைக்கவில்லை, விடுகிறேன்.

2013இல் முதல்முறை குடும்பத்தோடு போனோம். மூத்தவளுக்கு மூன்று வயது, இளையவனுக்கு ஒன்று. அதன்பிறகு கடைசிப் பிள்ளை பிறந்த 2015ஐத் தவிர 2019வரை ஒரு வருசமும் தவறவில்லை. ஒன்ராறியோவில் ஆனி முடிவில் பள்ளிக்கூடம் மூடுவார்கள். ஆடி நடுவில் விமானம் ஏறினால் மூன்று கிழமை. கட்டுநாயக்காவில் இறங்கி இரவோடு இரவாக வானில் வருவோம். பிள்ளைகள் ஓமந்தைக்கு வரும்வரை நித்திரை. முறிகண்டியில் விடியும். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டுச் சுடச்சுடக் கச்சான் வாங்கி மடியில் கொட்டினால்தான் அவர்களுக்கு விடுமுறை தொடங்கிய மாதிரி. மூத்தவளுக்கு இன்றைக்கும் கச்சான் என்றால் முறிகண்டிக் கச்சான்தான். கனடாவில் விற்பதை அவள் கச்சான் என்று ஒத்துக்கொள்ளவே மாட்டாள்.

கனடாத் தமிழருக்குக் 'கொட்டேஜ்' என்றால் என்னவென்று தெரியும். கோடையில் ஒரு கிழமை ஏரிக்கரை வீடொன்றை வாடகைக்கு எடுத்து, நாலு குடும்பம் சேர்ந்து இறைச்சி வாட்டி, பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்கிவிடுவது. கலியாணம் முடித்த புதிதில் நாங்களும் ஹாலிபேர்ட்டன் பக்கம் இரண்டு கோடை போயிருக்கிறோம். பிள்ளைகள் பிறந்த பிறகு நான் அதை விட்டுவிட்டேன். "எங்களுக்கு வன்னியில சொந்தக் கொட்டேஜ் கிடக்கு, பக்கத்தில பெரிய லேக்கும் கிடக்கு" என்று வேலையிடத்தில் சொல்வேன். 2014இல் அக்காவின் வீட்டோடு சேர்த்துக் கொமேட் வைத்த குளியலறை ஒன்றைக் கட்டுவித்தேன். 2016இல் தண்ணீர்த் தாங்கி, 2017இல் ஓர் அறைக்கு ஏசி. காசு என்னுடையது. அவளுக்குச் செய்கிறேன் என்று மனதார நம்பினேன். வருசத்தில் மிச்சம் நாற்பத்தொன்பது கிழமையும் அந்த ஏசி அறையில் அவள் விதைநெல் மூட்டைதான் அடுக்கி வைத்திருந்தாள் என்பதும், நாங்கள் வருகிறோம் என்றால் மூட்டைகளை அயல்வீட்டுக்குச் சுமப்பாள் என்பதும் பிறகு தெரிந்த சங்கதி.

விடுமுறை யாருக்கு என்ற கேள்வியை மனைவி இரண்டாம் வருசமே கேட்டாள். அக்கா நாலு மணிக்கு எழும்பி இடியப்பம் அவிப்பாள். மகனுக்கு இடியப்பம் இறங்காது, அவனுக்குப் பாஸ்ராவை மனைவி அவிப்பாள். பத்துமணித் தேத்தண்ணி, மத்தியானச் சோறு, பின்னேரம் பனங்காய்ப் பணியாரம். "நீங்கள் லீவில வாறியள். நானும் மச்சாளும் அடுப்படிக்கு வாறம்" என்றாள். நான் சிரித்தேன். பெண்கள் இரண்டுபேர் அடுப்படியில் கதைத்துச் சிரிக்கிற சத்தம் எனக்குச் சந்தோசமாகக் கேட்டது. இரண்டுபேரும் களைத்துப்போய்த்தான் சிரித்தார்கள் என்று யோசிக்க எனக்கு என்ன அவசரம்?

பின்னேரத்தில் குளக்கட்டு. வெய்யில் சாய்கிற நேரம் இரணைமடுக் கட்டில் நின்றால் மறுகரை தெரியாது. தெற்கே காடு ஒரு கறுப்புக் கோடாகக் கிடக்கும். நீர்க்காகங்கள் செத்த மரங்களில் சிறகை விரித்துக் காயவைக்கும். பிள்ளைகளுக்கு நான் பாடம் எடுப்பேன்: இரணை என்றால் இரட்டை, இரண்டு மடுவைச் சேர்த்த குளம் இது. ஹென்றி பார்க்கர் என்ற வெள்ளைக்கார நீர்ப்பாசனப் பொறியியலாளர் 1885இல் திட்டம் போட்டார். 1902இல் தொடங்கிய வேலை 1920 வாக்கில் முடிந்தது. பிறகு பிறகு கட்டை உயர்த்தினார்கள். அவர்கள் கேட்க மாட்டார்கள். "குளிக்கலாமா?" என்பதுதான் அவர்களுடைய ஒரே கேள்வி. குளத்தில் குளிக்க அக்கா விடமாட்டாள். "முதலை கிடக்கு. குளத்தைப் பாருங்கோ, வாய்க்காலில குளியுங்கோ" என்பாள்.

அப்படித்தான் வீட்டுக்குப் பின்னால் ஓடுகிற வயல் வாய்க்கால் எங்கள் பிள்ளைகளின் நீச்சல் குளமானது. முழங்கால் அளவு தண்ணீர், அடியில் குறுமணல், கரையில் ஒரு மருதமரம். தாய்க்குப் பயமில்லை, எனக்கு வேலையில்லை. வலதுகரைப் பெரிய வாய்க்காலிலிருந்து கிளை வாய்க்கால் பிரிந்து, அதிலிருந்து இந்தச் சின்ன வாய்க்கால் வந்து, அக்காவின் வயலைத் தாண்டிப் போய் ஓர் ஐயாவின் வயலோடு முடிகிறது. ஐயாவின் பெயரை எழுதவில்லை. எழுபது தாண்டியவர், ஊரில் எல்லாருக்கும் ஐயா.

நாங்கள் போகிற காலம் சிறுபோகக் காலம். வன்னியில் பெரும்போகம் மழையை நம்பியது, சிறுபோகம் குளத்தை நம்பியது. மாரி முடிந்து குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று பார்த்து, மாவட்டச் செயலகத்தில் அரசாங்க அதிபர் தலைமையில் கமக்கார அமைப்புகளும் நீர்ப்பாசனத் திணைக்களமும் கூடி, இம்முறை இத்தனை ஏக்கர்தான் விதைக்கலாம், இத்தனையாம் திகதி முதல் தண்ணீர், இத்தனையாம் திகதியோடு கடைசித் தண்ணீர் என்று தீர்மானிப்பார்கள். மூன்று ஏக்கர் வைத்திருப்பவருக்கு ஒரு ஏக்கருக்குத்தான் பங்கு கிடைக்கிற வருசங்களும் உண்டு. பங்கு கிடைத்த காணிக்கும் தண்ணீர் தானாக வராது. முறை வைத்து வரும். எட்டு நாளைக்கு ஒருதரம், இத்தனை மணியிலிருந்து இத்தனை மணிவரை உன்னுடையது. அதில் நீ நித்திரை கொண்டால் தண்ணீர் உனக்காகக் காத்து நிற்காது.

இது எதுவும் எனக்குத் தெரியாததல்ல. தெரிந்து மறந்தவன் நான். சின்ன வயதில் அப்பாவோடு அரிக்கன் லாம்பைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் காவலுக்குப் போனவன். குளத்துத் தண்ணீரைக் குடிநீராக யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோகிற திட்டம் வந்து, கிளிநொச்சிக் கமக்காரர் மறித்துக்கொண்டு நின்ற காலத்தில், "குடிக்கத்தானே கேக்கிறாங்கள், கொஞ்சம் குடுத்தால் என்ன?" என்று ரொறன்ரோவிலிருந்து அக்காவுக்குப் புத்தி சொன்னவனும் நான்தான். அவள் தொலைபேசியில் ஒன்றும் சொல்லவில்லை. இப்போது தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2024இல் திறந்தாகிவிட்டது. அந்த வாக்குவாதம் ஓய்ந்தாலும் நான் சொன்ன 'கொஞ்சம்' என்ற சொல் எனக்குள் ஓயவில்லை. வாய்க்காலின் தலையில் நிற்பவனுக்குத்தான் அது கொஞ்சம்.

2019. உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகள் நடந்து மூன்று மாதம். போகவேண்டாம் என்று மாமியார் அழுதார். நான் பிடிவாதமாகக் கூட்டிக்கொண்டு போனேன். வழியில் திரும்பவும் சோதனைச் சாவடிகள் முளைத்திருந்தன. பிள்ளைகளின் பால்போத்தல் பையைக்கூடத் திறந்து காட்டினோம். ஆனால் வட்டக்கச்சியில் வேறு முகம். முந்தின மார்கழியில்தான் புனரமைத்த குளத்தைத் திறந்து வைத்திருந்தார்கள், 36 அடி கொள்ளுமாறு. திறந்து இரண்டு கிழமையில் பேய்மழை அடித்துக் குளம் நிரம்பி வான் பாய்ந்து, கிளிநொச்சி பாதி வெள்ளத்தில் நின்றது. அக்காவின் முற்றத்திலும் தண்ணீர். ஆனால் வெள்ளம் வடிந்தபிறகு மிஞ்சியது நிறைந்த குளம். அந்தச் சிறுபோகத்தில் பல வருசம் தரிசாகக் கிடந்த துண்டுகளிலும் பச்சை ஏறியிருந்தது. விதைத்தவர்கள் கூடினால் முறைகளும் நெருங்கும். தண்ணீர் நிறைய இருந்த வருசத்திலும் வாய்க்காலின் அடியில் இருந்தவருக்கு மணிக்கணக்குத்தான்.

அணை கட்டிய அன்றைக்குக் காலையில் அக்காவின் முறை. தேத்தண்ணியை என் கையில் தந்துவிட்டுச் சொன்னாள்: "பன்னிரண்டோட என்ர முறை முடியுது. பிறகு நாலு மணி மட்டும் ஐயாவுக்கு. பிள்ளையளை வாய்க்காலைக் குழப்ப விடாதை தம்பி." நான் தலையாட்டினேன். கையில் தொலைபேசி. வேலையிடத்திலிருந்து வந்த ஏதோ ஒரு மதிப்பீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் கட்டிட நிறுவனம் ஒன்றில் குழாய் வேலைகளுக்கு மதிப்பீடு போடுகிறவன். எந்தக் குழாயில் நிமிசத்துக்கு எத்தனை லீற்றர் ஓடும் என்று கணக்குப் பார்ப்பதுதான் எனக்குச் சம்பளம் தருகிற வேலை.

பன்னிரண்டரைக்குப் பிள்ளைகளை இறக்கினேன். மகள் கரையிலிருந்து சின்னக் கற்களைப் பொறுக்கி ஒரு வரிசை வைத்தாள். ஒன்பது வயது. மகன் தடிகளை நட்டான். நாலு வயதுச் சின்னவன் சேற்றை அள்ளி அப்பினான். தண்ணீர் எல்லாவற்றையும் தட்டிவிட்டு ஓடிக்கொண்டேயிருந்தது. அவர்கள் சிரித்தார்கள், திரும்ப அடுக்கினார்கள். அதோடு விட்டிருக்கலாம். "அப்படியில்லை, இஞ்ச பாருங்கோ" என்று சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நான் இறங்கினேன். மருதமரத்தடியில் யாரோ உடுப்புத் தோய்க்கப் போட்டிருந்த கல்லை உருட்டினேன். அதன் இரண்டு பக்கமும் வாழைமடலைச் செருகி, புல்லோடு வெட்டிய மண்கட்டியை வைத்து மிதித்தேன். தண்ணீர் நின்றது. நிற்கிற தண்ணீர் மெல்ல மெல்ல உயர்ந்து சின்னவனின் இடுப்புக்கு வந்ததும் மூன்றுபேரும் போட்ட கூச்சல் இப்போதும் என் தொலைபேசியில் காணொளியாக இருக்கிறது. அதில் என் குரலும் இருக்கிறது. "இதுதான் அப்பாவின்ர இரணைமடு."

உயர்ந்த தண்ணீர் கரையில் ஒரு தாழ்ந்த இடத்தைக் கண்டுபிடித்து மறுபக்கம் பற்றைக்குள் வழிந்து கழிவு வாய்க்காலில் விழத் தொடங்கியது. கண்டேன். நீர்வீழ்ச்சி என்று பிள்ளைகளுக்குக் காட்டினேன்.

மூன்றரை மணியளவில் ஐயா வந்தார். வாய்க்கால் கரையால் நடந்து வந்திருந்தார், ஒரு மைலாவது இருக்கும். சாரம் முழங்காலுக்கு மேல், தோளில் மண்வெட்டி. வயலில் காத்திருந்திருக்கிறார், ஊறி ஊறி வருகிற தண்ணீரைப் பார்த்து மேலே மடை ஏதும் உடைத்துவிட்டதோ என்று ஒவ்வொரு வக்கடையாகப் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறார். எங்களைக் கண்டு நின்றார். பேசவில்லை. தண்ணீரில் இறங்கி மண்வெட்டிப் பிடியைக் கல்லின் கீழ்க் கொடுத்து ஒரே நெம்பு. அணை போனது. சின்னவன் அழத் தொடங்கினான்.

"ஆர் கட்டினது?"

இந்த இடத்தைத்தான் நான் மூன்று வருசமாகப் பகிடியாகச் சொல்லி வந்தேன். என் வாயிலிருந்து யோசிக்காமலே வந்தது. "பிள்ளையள் ஐயா. தெரியாமல் விளையாடிப் போட்டுதுகள்."

அவர் பிள்ளைகளைப் பார்த்தார். ஒருவர் பின் ஒருவராக மூன்றுபேரையும் பார்த்தார். பிறகு உருண்டு கிடந்த கல்லைப் பார்த்தார். "பிள்ளையள் எண்டால் சரி" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். நாலு மணிக்கு அவருடைய முறை முடிந்தது. கிளை வாய்க்காலில் அடுத்த முறைக்காரர் மணிக்கூட்டோடு நின்றிருப்பார். அடுத்த தண்ணீர் எட்டு நாளைக்குப் பிறகு. அவருடைய பயிர் அப்போது பூவும் பாலுமாக நின்றது. அந்தப் பருவத்தில் தண்ணீர் தவறினால் கதிர் பதராகும். அதுவும் எனக்கு மறந்துபோயிருந்ததுதான்.

அன்று பொழுதுபட அக்கா ஒரு சட்டித் தயிரோடு வெளிக்கிட்டுப் போனாள். இரண்டு மணித்தியாலம் கழித்து வெறுங்கையோடு வந்தாள். என்னிடம் ஒரு சொல் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவளுக்கும் அதே பொய்யைத்தான் சொல்லியிருப்பேன். தனியாகக் கமம் செய்கிற பெண்ணுக்கு இராத் தண்ணீருக்குத் துணைநிற்கிறவரும், லான்ட்மாஸ்ரர் பழுதானால் ஆள் பிடித்துத் தருகிறவரும், அரிவி வெட்டு மிசினுக்குச் சொல்லி வைக்கிறவரும் அந்த ஐயாதான் என்பதை நான் அறிந்தது மிகவும் பிந்தி. மூன்று கிழமை இருந்துவிட்டு நாங்கள் விமானம் ஏறிவிடுவோம். வாய்க்காலில் அவருக்கு அடுத்த காணிக்காரியாக அவள் இருக்கவேண்டும்.

2020, 2021 கொரோனா. 2022 பெற்றோல் வரிசை. போகவில்லை. கதை மட்டும் போய்க்கொண்டிருந்தது.

2022 கடைசியில் ஸ்காபரோவில் ஒரு நண்பர் வீட்டில் வழக்கம்போல எடுத்துவிட்டேன். கிழவரின் நடையைக் கொஞ்சம் நடித்தும் காட்டினேன். சிரிப்பு அடங்க முதல் பக்கத்துக் கதிரையிலிருந்து மகள் கேட்டாள், தமிழில், எல்லாருக்கும் விளங்குகிற மாதிரி: "அப்பா, அந்தப் பெரிய கல்லை நீங்கள்தானே கொண்டுவந்தனீங்கள்?" பன்னிரண்டு வயது. குத்திக்காட்டுகிற குரலில்லை. மறந்துவிட்டேனோ என்று பார்க்கிற குரல். யாரோ கோப்பி கேட்டார்கள், பேச்சு மாறியது. காரில் வரும்போது அவளே சொன்னாள். "அந்தத் தாத்தா என்னைப் பார்த்தவர். நான் செய்ததெண்டு நினைச்சுக்கொண்டு பார்த்தவர். பிறகு நான் வாய்க்காலுக்கு இறங்கேல்லை."

இறங்கவில்லைதான். மிச்சம் ஆறு நாளும் அவள் கிணற்றடியில் குளித்தாள். அட்டைக்குப் பயம் என்று நான் எல்லாருக்கும் விளக்கம் சொல்லியிருந்தேன்.

அன்றிரவு நித்திரை வரவில்லை. ஹாலிபேர்ட்டன் கொட்டேஜ் ஞாபகம் வந்தது, ஏனென்று தெரியாமல். அங்கே நாங்கள் எடுத்த வீட்டுக்காரர் ஒரு வெள்ளைக்காரக் கிழவர். ஆவணி பிறந்ததும் புறுபுறுப்பார். ஏரி ஒவ்வொரு நாளும் இறங்கும், படகுத்துறை சேற்றில் நிற்கும். அந்தப் பக்கத்து ஏரிகள் பலவற்றுக்கு வாயில் அணை உண்டு. பனி உருகிய தண்ணீரைத் தேக்கி வைத்துக் கோடையில் தெற்கே ட்ரென்ட்–செவேர்ன் கால்வாய்க்குத் திறந்துவிடுவார்கள். 386 கிலோமீற்றர் நீளக் கால்வாய், அதுவும் 1920இல் முழுதாக ஓடத் தொடங்கியது. கீழே படகு ஓடவேண்டும் என்பதற்காக மேலே அவருடைய துறை காயும். "என் ஏரி, என் கண்முன்னால் களவுபோகிறது" என்பார். நான் அன்றைக்கு அவருக்கு என்ன சொன்னேன் தெரியுமா? ஊரில் எங்களுக்கும் குளம் உண்டு, அது கீழே உள்ளவர்களுக்காகக் கட்டியது, இறங்கத்தான் செய்யும் என்று ஒரு பெரிய மனிசத்தனத்தோடு சொன்னேன். சொன்ன வாய் இதே வாய்தான்.

2023 ஆடியில் போனோம். வீட்டில் விதைநெல் மூட்டைகளை அயலுக்குச் சுமக்கவேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லி, நாங்கள் மாலில் பாய் விரித்துப் படுத்தோம். பிள்ளைகள் இரண்டு நாள் சிணுங்கினார்கள், மூன்றாம் நாள் பழகிவிட்டது. ஐயாவிடம் போவதைத்தான் நாலு நாள் தள்ளிப்போட்டேன். ஐந்தாம் நாள் பின்னேரம், வெளிநாட்டுக்காரன் வழக்கப்படி, விமான நிலையத்தில் வாங்கிய போத்தல் ஒன்றோடு போனேன். அவர் குடிப்பதில்லை. போத்தலை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டுத் திண்ணையில் வைத்தார். அது எங்கள் இரண்டுபேருக்கும் நடுவில் ஒரு மூன்றாம் ஆள் மாதிரி இருந்தது.

சொன்னேன். கல்லை வைத்தது நான், பிள்ளைகளைச் சாட்டியதும் நான்.

"கல்லைப் பாத்தால் தெரியாதே தம்பி, ஆர் வைச்சதெண்டு" என்றார். "அது உங்கட கொம்மா உடுப்புத் தோய்ச்ச கல்லு. ரெண்டு பேர் சேந்து தூக்கிப் போட்டனாங்கள். நானும் கொப்பரும்."

எனக்குப் பேச்சு வரவில்லை. அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார். "வாய்க்கால் மறிக்கிறது ஊரில இல்லாததே? நாங்களும் சின்னனில மறிச்சனாங்கள். பூவரசம் கம்பால வாங்கினனாங்கள். நீங்கள் அண்டைக்கு ரெண்டு பேச்சு வாங்கியிருக்கவேணும், வாங்காமத் தப்பிட்டியள். அந்தப் பெட்டைக்குத்தான் முகம் கறுத்துப்போச்சு. எங்க அவ, வந்திருக்கிறாவோ?"

மகளை அடுத்தநாள் கூட்டிக்கொண்டு போனேன். அவளோடு அவர் கதைத்தது முழுக்கத் தன்னுடைய ஆட்டுக்குட்டிகளைப் பற்றி. வாய்க்காலைப் பற்றி ஒரு சொல் இல்லை. வரும்போது அவள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வாய்க்காலுக்குள்ளால் நடந்து வந்தாள்.

அந்த வருசம் அக்காவின் முறை இரவில் விழுந்திருந்தது, பதினொன்றிலிருந்து மூன்று. நாங்கள் நிற்கிற காலத்திலும் முறை வந்தது. "நானும் வாறன்" என்றேன். "வந்து?" என்று கேட்டாள். பதில் இருக்கவில்லை. ஆனாலும் மண்வெட்டி ஒன்றைத் தந்தாள். மகள் ரோச் லைற்றோடு வந்தாள். கிளை வாய்க்கால் வாய்வரை மேலே நடந்து பார்த்தோம். ஓரிடத்தில் பாலைக் கொப்பு ஒன்று விழுந்து குப்பை சேர்த்துக்கொண்டு தண்ணீரைத் தடுத்தது. இழுத்துப் போட்டேன். தண்ணீர் வயலுக்குள் நுழைகிற சத்தம் சத்தமேயில்லை. தவளைகள் ஒரு மூலையில் திடீரென்று நிறுத்தும், அவ்வளவுதான். அதைக் கேட்டுத்தான் தண்ணீர் எங்கே வந்துவிட்டது என்று அக்கா சொன்னாள். என் உள்ளங்கை இரண்டும் பொக்களித்தது. காட்டவில்லை.

"மடையைக் கட்டு" என்றாள் அக்கா.

தொலைபேசியில் நேரம் பார்த்தேன். இரண்டு நாற்பது. "இன்னும் இருபது நிமிசம் கிடக்கு."

"அது ஐயாவின்ர."

எனக்கு விளங்கவில்லை. அவள் மண்வெட்டியால் வரம்பைத் தட்டிக்கொண்டே, யாரோ ஒருவரின் கடன் கணக்கைச் சொல்கிற மாதிரிச் சொன்னாள். "அண்டைக்கு அவருக்கு நாலு மணித்தியாலம் போச்சு. ஒரேயடியாக் குடுத்தால் என்ர பயிர் காயும். முறைக்கு இருபது நிமிசமாத் தாறன் எண்டு சொன்னனான்."

நான் மதிப்பீடு போடுகிறவன். நாலு மணித்தியாலம் இருநூற்று நாற்பது நிமிசம், பன்னிரண்டு முறை. 2019இன் மிச்சத் தண்ணீரும் அடுத்த சிறுபோகமும் சேர்ந்தால் தீர்ந்துவிடும். இது 2019க்குப் பிறகு நாலாவது சிறுபோகம். நடுவில் உரம் இல்லாத வருசமும் போயிருக்கிறது.

"அக்கா, அது எப்பவோ முடிஞ்சிருக்குமே?"

"முடிஞ்சுதான்" என்றாள். "நீ மடையைக் கட்டு."

சேற்றை அள்ளி வைத்து மிதித்தேன். தண்ணீர் ஒருகணம் தயங்கிவிட்டுக் கீழ்ப்பக்கம் திரும்பியது. மகள் ரோச் லைற்றை அடித்துக்கொண்டு அதற்கு முன்னால் கரையால் ஓடினாள், ஐயாவை எழுப்ப.